பாஸ்வேர்டு மறந்துபோச்சா? ஃபார்மட்டுக்கு அவசரம் வேண்டாம்!

கம்ப்யூட்டரை செட் செய்து கொடுத்த மகன் துபாயில். தேவிபட்டினம் வீட்டில் யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கொடுத்து ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் கல்யாண போட்டோக்களும் சேர்ந்து போய்விடும்.

விண்டோஸ் 10, 11 என்றால், ஏதாவதொரு பாஸ்வேர்டைத் தட்டிப் பாருங்கள். கீழே ‘ஐ ஃபர்காட் மை பாஸ்வேர்டு’ என்று வந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. நெட் இருந்தால் அங்கேயே மாற்றலாம். கோடு மகனின் போனுக்கோ மெயிலுக்கோதான் போகும். மெசேஜில் கேட்காமல், பேசியே வாங்குங்கள்.

‘ரீசெட் பாஸ்வேர்டு’ என்று வந்தால், முன்பே பதிந்துவைத்த மூன்று கேள்விகளைக் கேட்கும். பிறந்த ஊர் எது என்ற கேள்விதான் வம்பு! அன்று போட்ட அதே ஸ்பெல்லிங் வேண்டும். ஆங்கிலத்தில் தேவிபட்டினத்துக்கு ஒரு ‘டி’யா, இரண்டு ‘டி’யா, நடுவில் ‘ஐ’யா, ‘ஏ’யா? பொறுமையாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.