பால்வீதியின் நடுவே

ஆலையடிவேம்பில் ஆகஸ்ட் மாதம் இஷாவுக்குப் பிறகு கரண்ட் போனால் நல்லது. தெற்கே தேள் உடுக்கூட்டத்தின் கொடுக்குக்குச் சற்று மேலே பால்வீதி தடித்துத் தெரியும். அதன் மையம் அங்கேதான், ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தூரத்தில். அங்குள்ள கருந்துளையின் திணிவு சூரியனைப் போல் சுமார் 40 இலட்சம் மடங்கு.

"கறுப்பெண்டா எப்பிடி சேர் கண்டுபுடிச்ச?" என்றான் ஒரு மாணவன். கேள்வி நியாயம்தான். எஸ்2 என்றொரு விண்மீன், ஒன்றுமே தென்படாத ஓரிடத்தை 16 வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவருகிறது, அவனுடைய வயது. பாதையின் அளவும் சுற்றும் காலமும் தெரிந்தால் நடுவிலுள்ள திணிவைக் கணக்கிட்டுவிடலாம். இந்த அவதானிப்புக்கே 2020 நோபல் பரிசில் பாதி கென்செலுக்கும் கெஸ்ஸுக்கும் கிடைத்தது. 2022 மே மாதம் வெளியான படத்தில் ஒளிர்வது துளையல்ல, அதைச் சூழ்ந்த சூடான வாயு.

"நம்மளயும் இழுத்துக்குமா சேர்?"

இல்லை. சூரியனே அதே திணிவுள்ள கருந்துளையாகிவிட்டாலும் பூமி இதே பாதையில்தான் ஓடும். ஒளியும் வெப்பமும் மட்டும் நின்றுபோகும் என்றேன். பையன் அதற்கும் பயந்தான்.