பேசாப் படமும் பேரப்பிள்ளைகளும்

1912ஆம் ஆண்டில் இலண்டன் சென்று படக்கருவியுடன் மீண்ட தாதாசாகிப் பால்கே, பட்டாணி விதையைச் சட்டியில் ஊன்றி, அதன் முன் கருவியை நிறுத்தி, நாளொன்றுக்கு ஒரு படமாக ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தார். ஒரு நிமிடத்தைச் சற்றே கடந்த அப்படத்தில் விதை முளைத்துக் கொடியாகி நின்றது. கண்டோரிற் சிலர் கடன் கொடுக்க முன்வந்தனர். அடுத்த ஆண்டே ‘ராஜா அரிச்சந்திரா’ திரைக்கு வந்தது. பின்னர் அவரே தீக்குச்சிகளை ஆடவைத்தும் படமெடுத்தார்.

பட்டாணிச் செடி தானே வளர்ந்தது. தீக்குச்சியும் களிமண் பாவையும் தாமாக அசையா. கலைஞர் விரலால் மயிரிழையளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பார், மீண்டும் நகர்த்துவார். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடவேண்டும். பிரிஸ்டல் நகரின் ஆட்மன் நிலையத்தார் 2015இல் வெளியிட்ட ‘ஷோன் த ஷீப்’ திரைப்படம் 85 நிமிடம் ஓடுவது. கணக்கிட்டால் ஓரிலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள்! மிதிவண்டித் தைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட நம்மவர்க்கு இப்பொறுமையின் அருமை எளிதில் விளங்கும்.

கதை சிறிது. நாளும் ஒரே வாழ்வில் சலித்த செம்மறிகள், ஒருநாள் ஓய்வு வேண்டிக் கமக்காரனை உறங்கவைக்கின்றன. அவன் துயிலும் வண்டி உருண்டு பெருநகர் சேர்கிறது. தலையில் அடிபட்டுத் தன்னையே மறந்த அவன், ஆட்டுமயிர் கத்தரித்த கைப்பழக்கத்தால் நகரத்தாருக்கு முடிதிருத்திப் புகழெய்துகிறான். ஆடுகள் தேடிச் செல்கின்றன, கண்டும் விடுகின்றன. அவனோ அவற்றை அறியான்.

படம் முழுவதிலும் உரையாடல் என்பதே இல்லை. மனிதரும் முணுமுணுப்பதோடு சரி. இதனைக் குறையென்பார் உளராயின், அவர் யாழ்ப்பாணத்து வீடொன்றில் இப்படத்தைப் பார்த்திலர் என்பேன்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில், கோண்டாவிலில் உறவினர் இல்லத்து விறாந்தைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி இதனைக் காட்டினர். எண்பது கடந்த அம்மம்மா சாய்மனைக் கதிரையில். ரொறன்ரோவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் இருவர் பாயில். ஒரு கிழமையாக இரு தரப்பாரும் சிரிப்பும் தலையசைப்புமாகவே காலங்கழித்தனர். பிள்ளைகளுக்குத் தமிழ் வாராது. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வாராது. ஒவ்வொரு சொல்லுக்கும் தாயார் இடைநின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அன்று அவருக்கு வேலையில்லை. ஆடுகள் மனிதவுடை பூண்டு உணவுச்சாலையில் அமர்ந்தபோது மூவரும் ஒருங்கே சிரித்தனர்.

கமக்காரன் தன் ஆட்டை அறியாது துரத்திய கட்டம் வந்தது. சிரிப்பு நின்றது.

“உந்த மனுசனுக்குத் தன்ர ஆட்டையே தெரியேல்லையே!” என்றார் அம்மம்மா.

தாயார் வாய் திறக்கவில்லை. இளைய பேத்தி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பாயைவிட்டு எழுந்து கதிரையருகே போய் அமர்ந்தாள். கமக்காரனுக்கு நினைவு மீண்டு எல்லாரும் ஊர் திரும்பும் வரையும் அங்கேயே இருந்தாள்.

மறுநாட் காலை அவள் கையிற் குழையுடன் கிணற்றடியில் நின்றாள். கட்டியிருந்த ஆட்டைச் சுட்டி, “ஆடு” என்றாள்.

“மறி” என்று திருத்தினார் அம்மம்மா.