மாட்டுக்குள் ஒரு கேமரா

(பறவை பார்த்தவர்கள் – 7)

சுட்டு வீழ்த்து, கையில் எடு, இறகை அளந்து பெயர் எழுது. சென்ற வாரம் பார்த்த இங்கிலாந்துக் கனவான்களுக்குப் பறவையியல் என்றால் இவ்வளவுதான். அதே இங்கிலாந்தில் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவர்கள் கியர்ட்டன் சகோதரர்கள்.

யார்க்‌ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில், துவெய்ட் என்ற சிற்றூரில் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மூத்தவர் ரிச்சர்ட், சிறுவயதில் அடிபட்டதிலிருந்து காலைத் தாங்கித் தாங்கி நடந்தவர்; எழுத்து அவர் பொறுப்பு. ஒன்பது வயது இளைய செர்ரிக்கு மரம் ஏறுவதும், கயிற்றைப் பிடித்துப் பாறை இறங்குவதும். 1892 ஏப்ரலில் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் ஒரு த்ரஷ் பறவையின் கூட்டை முட்டைகளோடு செர்ரி படம் எடுத்தார். 1895-இல் அவர்களுடைய ‘பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகள்’ வெளிவந்தது. முழுக்க முழுக்கப் புகைப்படங்களோடு வந்த முதல் இயற்கை நூல் என்று அதைச் சொல்வார்கள்.

கூட்டில் தொடங்கியதற்குக் காரணம் எளிது: கூடு பறந்துவிடாது. அன்றைய கேமராவில் ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு. தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைத் தெளிவாக்கி, பிறகு தட்டைச் செருக வேண்டும். எந்தக் குருவி அதுவரை காத்திருக்கும்? கூடு உயரத்தில் இருந்தால் அண்ணன் தோளில் தம்பி ஏறி நிற்பார். அப்படியொரு படமே இருக்கிறது.

கூட்டுக்குப் பறவை திரும்பி வரவேண்டுமென்றால் ஆள் கண்ணில் படக்கூடாது. மனிதனைக் கண்டு பறக்கும் பறவை மேயும் மாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே 1900-இல் மாட்டுத் தோலை மரச் சட்டத்தில் போர்த்தி, உள்ளே ஆளும் கேமராவும் புகும்படி ஒரு பொய்க் காளை செய்துகொண்டார்கள். உள்ளே நிமிர முடியாது, வெக்கை வேறு. ஒருநாள் காளை ஆளோடு சாய்ந்து, நான்கு காலும் வானம் பார்க்கக் கிடந்தது. கூடப்பிறந்தவர் ஓடிவந்து தூக்கவில்லை. முதலில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்!

காளைதான் புகழ் பெற்றது. எனக்கென்னவோ, கல்லை அடுக்கியும் புல்கட்டியைப் பெயர்த்தும் அவர்கள் கட்டிய குச்சுகள்தான் பெரிய காரியம் என்று படுகிறது. குச்சுக்குள் மணிக்கணக்கில் முடங்கிக் கிடப்பவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை. தாய்ப்பறவை புழுவை ஊட்டிய கையோடு, குஞ்சின் எச்சத்தை வெள்ளை உறையோடு அலகில் கவ்வி வெளியே கொண்டுபோகும். செத்த பறவையை எத்தனை அளந்தாலும் இது தெரிய வராது.

1896-இல் இருவரும் ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுக்குப் போனார்கள். கடற்பறவையைத் தின்று, அதன் எண்ணெயில் விளக்கேற்றி, இறகால் வாடகை கட்டி வந்த மக்களின் ஊர் அது. அந்தக் கதை அடுத்த வாரம்.