கடவுச்சொல்லை ஏன் உருமாற்றிச் சேமிக்க வேண்டும்?

ஜாப்ஸ்ட்ரீட் என்னும் வேலைவாய்ப்புத் தளத்தினின்று 2012இல் களவுபோன விவரங்கள் விலைக்கு வந்த செய்தி 2017 அக்டோபரில் கோலாலம்பூரில் வெளியாயிற்று. ஏறத்தாழ 40 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள் கொண்ட அத்தொகுப்பில் கடவுச்சொற்களும் அடங்கியிருந்தன.

களவு நேர்ந்த பின்னும் கடவுச்சொல் கள்வனுக்குப் பயன்படாதிருக்க உபாயம் யாது? சர்வர் அதனை உள்ளபடியே எழுதி வையாமல், ஹேஷ் என்னும் ஒருவழிக் கணிதக் கிரியைக்கு உட்படுத்தி, விளைவை மாத்திரம் சேமிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் மில்லில் அரைத்த தூள் மீண்டும் மிளகாயாகாததுபோல, அவ்விளைவினின்று மூலத்தை மீட்க இயலாது. பயனர் மறுபடி நுழைகையில், அவர் தரும் சொல்லையும் அவ்வாறே மாற்றி ஒப்பிட்டால் போதும்.

ஆயினும் சாமானியச் சொற்களையெல்லாம் கள்வன் முன்கூட்டியே மாற்றிப் பட்டியலிட்டு வைத்திருக்கக்கூடும். ஆதலால் ஒவ்வொருவருக்கும் ‘சால்ட்’ எனும் தனித்தனி எழுத்துத் தொடரைச் சேர்த்தே மாற்றுவர். ஒரே சொல்லை இருவர் வைத்திருப்பினும் விளைவு வேறாகும், பட்டியலும் நிஷ்பிரயோஜனமாகும்.

எம்டி5 போன்ற அதிவேக ஹேஷ் முறைகள் இங்கு உதவா. ஒரு கிராபிக்ஸ் கார்டே வினாடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துவிடும். 1999இல் வெளியான பிகிரிப்ட், 2015இல் சர்வதேசப் போட்டியில் வென்ற ஆர்கான்2 ஆகியவை வேண்டுமென்றே தாமதிப்பவை. கால் வினாடித் தாமதம் பயனருக்குப் பெரிதாகப் புலப்படாது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி முறை ஊகிக்கும் கள்வனுக்கோ, ஒரே கணக்கின் பொருட்டு அது ஏறத்தாழ ஒரு மாதமாகப் பெருகும்.