உங்களுக்குத் தெரியுமா? ஓவர்லாக் ஊசியை நரம்பால் முந்த முடியாது

திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்து எந்திரத்தில் தைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊசி விரலில் ஏறினால் முதலில் ‘சுரீர்’ என்று ஒரு குத்து. சற்றுக் கழித்துத்தான் எரிச்சல் பரவும். இரண்டும் வேறு வேறு நரம்பிழைகளில் வரும் செய்திகள். முதல் இழைக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. ஷ்வான் செல்கள் இழையைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தும் உறை அது. செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் பாயும். உறை இல்லாத இழையிலோ நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான்.

விரல் நுனியில் வலியை உணரும் செல்லின் உடல் விரலில் இல்லை, கழுத்து முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது! அங்கிருந்து ஒரே செல்லின் இழை விரல்வரை நீள்கிறது.

கையை வெடுக்கென்று இழுக்கவைப்பது மூளையல்ல, தண்டுவடம். அதற்கும் நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 5,000 தையல் வேகத்தில் ஓடும் ஓவர்லாக் ஊசி அதற்குள் எட்டு முறை இறங்கி ஏறிவிடும். விரல் காப்பைக் கழற்றிவிட்டு ‘நான் உஷாரா இருப்பேன்’ என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு.

நரம்பே அறுந்தால்? மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழை பெரும்பாலும் மறுபடி வளராது. கையில் வளரும்; ஷ்வான் செல்களே வழிகாட்டும். வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டில் அறுந்து தைத்த நரம்பு விரல் நுனியை எட்ட ஆறு மாதமாவது ஆகும்.