ஒருவர் காதில் மட்டும் விழும் செய்தி

பாலாற்றங்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றின் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்குகளைப் பார்வையிட அண்மையில் சென்றிருந்தோம். ஆண்டுதோறும் ஒழுங்காகக் கடன் செலுத்தி வந்த அங்கத்தினர் சிலருடைய பெயர்கள் தவணை தவறியோர் பட்டியலில் இருக்கக் கண்டு வியப்புற்றோம். காரணம் வினவியபோது, “பயிர்க்கடன் தள்ளுபடியாகிவிட்டதே ஐயா! செய்தியில் கேட்டோமே!” என்றார் ஒரு பெரியவர்.

அவருடைய மகள் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். காலையில் பேருந்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டு வரும்போது அவளுடைய கைபேசிக்கு அந்த ஒலிப்பதிவு வந்தது. தந்தைக்கு உதவுமே என்று அவள் அதை அனுப்பிவைத்தாள். அது பொய்ச் செய்தியன்று. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியைப் பற்றிய மெய்யான செய்தியே. ஆனால் அது 2021 ஜனவரி 31 அன்று நிலுவையிலிருந்த கடன்களுக்கு மட்டுமே உரியது. செய்தியின் நடுப்பகுதியை யாரோ நறுக்கி அனுப்பியதால் நாளும் ஆண்டும் உதிர்ந்துபோயின. உரிய காலத்தில் செலுத்தினால் வட்டியில்லை என்னும் சலுகையை இழந்து, பெரியவர் வட்டியும் சேர்த்துச் செலுத்த நேர்ந்தது.

குற்றம் கருவியினுடையதா? அன்று, கேட்கும் முறையினுடையது என்பதே நமது கருத்து.

முற்காலத்தில் ஊருக்கு ஒரு பஞ்சாயத்து வானொலி இருந்தது. மாலை வேளையில் அதன் முன் கூடியவர்கள் கேட்டதை அங்கேயே அலசினார்கள். 1947இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் சட்டைப்பையில் அடங்கும் வானொலி அங்கே விற்பனைக்கு வந்தது. பின்னர் நம் நாட்டிலும் டிரான்சிஸ்டர் பரவி, வரப்புக்கும் தறிக்கூடத்துக்கும் உடன் சென்றது. ஆயினும் குடியாத்தத்துத் தறிக்கூடத்தில் ஒருவர் வைத்த பெட்டியை நான்கு தறிக்காரரும் கேட்டனர். 1979இல் ஜப்பானிலிருந்து வந்த வாக்மேன் ஒலியை ஒருவர் செவிக்குள் அடைத்தது. இன்று அவ்வேலையைக் கைபேசி செய்கிறது. நான்கு தறிக்காரர் நான்கு வெவ்வேறு செய்திகளைக் கேட்கின்றனர்; ஒருவர் கேட்டதை மற்றவர் அறியார்.

கூடிக் கேட்பதன் வலிமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1956இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு புனேயைச் சூழ்ந்த மாவட்டங்களில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. மன்றத்தார் நிகழ்ச்சியைக் கேட்டவுடன் கலந்து பேசினர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதி விடையும் பெற்றனர். மன்றம் இல்லாத ஊர்களைவிட இவ்வூர்களில் அறிவு நன்கு வளர்ந்தது என ஆய்வாளர் கண்டனர். 1959இல் இத்திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

நம் மாநிலத்தில் நடந்ததும் நினைவுகூரத்தக்கது. 1966இல் திருச்சி வானொலியில் பண்ணை இல்லப் பகுதி தொடங்கப்பட்டது. ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றி அது இடைவிடாது எடுத்துச் சொன்னது. தஞ்சை உழவர்கள் அதைக் கேட்டனர், திண்ணையில் வாதிட்டனர், வயலில் விளைவித்தும் பார்த்தனர். அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. காற்றில் வந்த சொல்லை விதையாக்கியது உழவர்களின் உரையாடல் அன்றோ!

இன்றைய கைபேசியையும் அவ்வாறே பயன்படுத்த இயலும். சங்கங்களின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, கடன், மானியம், நூல் விலை, கூலி ஆகியவை பற்றிய ஒலிப்பதிவு எது வந்தாலும், சொன்னவர் யார், சொன்ன நாள் எது, யாருக்குப் பொருந்தும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். விடை கிட்டாத செய்தியைப் பிறருக்கு அனுப்புதல் கூடாது.

இரண்டாவது, சங்கச் செயலாளர் வாரந்தோறும் மெய்யான அறிவிப்புகளை நாளிட்டு அறிவிப்புப் பலகையில் எழுதவேண்டும். வாரத்தில் ஒரு மாலை அங்கத்தினர் கூடி, பயனுள்ள ஒலிபரப்பு ஒன்றைப் பலரும் கேட்கும்படி ஒலிக்கச் செய்து கலந்து பேசலாம்.

மூன்றாவது, பயிர்ச் சாகுபடி பற்றிய ஐயங்களுக்கு 2004 முதல் இயங்கிவரும் உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். கடன் பற்றிய ஐயத்துக்குச் சங்க அலுவலகமே முதல் வாயில்.

மேற்சொன்ன பெரியவரிடம், “சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றோம். “காதாலேயே கேட்ட பிறகு வேறு யாரைக் கேட்பது ஐயா?” என்றார். தவணை நாள் நெருங்கும் இவ்வேளையில், காதால் கேட்டதைச் சங்கத்திலும் கேட்டுத் தெளிவது நம் ஒவ்வொருவருக்கும் நலம் பயக்கும்.