ஒரு வேதாகமமும் அதை அச்சுக்கோத்த கைகளும்

இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த கத்தோலிக்க வழக்கங்களைக் களைய வேண்டுமென்று போராடிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறுவதற்காக 1629-இல் பெற்ற மாசசூசெட்ஸ் சாசனம், அந்நிலத்துப் பூர்வகுடிகளைக் கிறிஸ்தவ நெறிக்குக் கொண்டுவருவதே குடியேற்றத்தின் தலையாய நோக்கம் என்று கூறியது. ஆயினும் அப்பணியில் அவர்கள் முறையாக இறங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயும் 1633-இல் வந்த பெரியம்மையும் கரையோர ஊர்கள் பலவற்றை அதற்குள் வெறுமையாக்கிவிட்டன. புதிய சமயத்தைக் கேட்க வந்தவர்கள் உறவினரையும் நிலத்தையும் இழந்து நின்ற மக்கள் என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றை எழுத இயலாது.

ராக்ஸ்பரி ஊர்ச் சபையின் போதகரான ஜான் எலியட் (1604–1690), 1637-ஆம் ஆண்டுப் பீக்குவட் போரில் பிடிபட்டு ஆங்கிலேயர் வீடொன்றில் பணியாளாக இருந்த காக்கெனோ என்னும் இளைஞரிடம் அம்மக்களின் மொழியைக் கற்று, 1646 அக்டோபர் 28-இல் வாபன் என்பவரின் குடிலில் அம்மொழியிலேயே பிரசங்கித்தார். புதிய நெறியை ஏற்றவர்களைத் தனி ஊர்களில் குடியமர்த்த வேண்டும் என்பது அவரது கொள்கை. 1651-இல் நேட்டிக்கில் தொடங்கி 1674-க்குள் பதினான்காகப் பெருகிய இவ்வூர்கள் ‘ஜெப ஊர்கள்’ எனப்பட்டன. தொடக்கக் காலத்தில் வகுக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் ஆண்கள் நீண்ட முடி வளர்ப்பதற்குக்கூட அபராதம் விதித்தன. கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கு ஆங்கிலேயரைப் போல வாழ வேண்டும் என்று கொண்டதே இப்பணியின் ஆழமான பிழை.

அதே எலியட்டின் முயற்சியால் 1661-இல் புதிய ஏற்பாடும் 1663-இல் முழு வேதாகமமும் அவர் கற்ற மாசசூசெட் மொழியில் கேம்பிரிட்ஜ் நகரில் அச்சாயின. அமெரிக்கக் கண்டத்தில் அச்சேறிய முதல் முழு வேதாகமம் ஆங்கிலத்தில் அன்றிப் பூர்வகுடி மொழியில் இருந்தது. தலைப்புப் பக்கத்தில் எலியட்டின் பெயர் இருப்பினும், மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஜாப் நெசுட்டன், ஜான் சாசமன் ஆகியோரும், நிப்மக் இனத்தவரான அச்சுக்கோப்பாளர் ஜேம்ஸ் பிரின்டரும் இல்லாமல் அந்நூல் உருவாகியிருக்காது. பிற்காலத்தில் எலியட்டே, பக்கங்களைப் பொருளறிந்து கோக்கவும் திருத்தவும் வல்லவர் இவர் ஒருவரே என்று ஜேம்ஸ் பிரின்டரைக் குறித்து எழுதியிருப்பதால், இந்த மதிப்பீடு இன்றைய ஆய்வாளர்கள் வலிந்து கூறுவதன்று.

ஜெப ஊர் மக்களின் நம்பிக்கைக்குக் கிடைத்த கைம்மாறு கொடியது. ஆங்கிலேயரின் நில விரிவாக்கத்தால் வெகுண்டிருந்த வாம்பனோக் தலைவர் மெட்டாகொமின் திட்டங்களைப் பற்றி ஆங்கிலேயரை எச்சரித்த சாசமன் 1675 ஜனவரியில் கொல்லப்பட்டதும், அதற்காக மூன்று வாம்பனோக்குகளுக்கு ஆங்கிலேய நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததும் போரை மூட்டின. கிறிஸ்தவப் பூர்வகுடிகளில் பலர் ஆங்கிலேயருக்குச் சாரணராகவும் வீரராகவும் உழைத்தும், குடியேறிகளின் ஐயம் தணியவில்லை. 1675 அக்டோபர் இறுதியில் நேட்டிக் மக்கள் பாஸ்டன் துறைமுகத்தை அடுத்த டீர் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிற ஊராரையும் சேர்த்து ஏறத்தாழ 500 பேர் போதிய உணவும் உறையுளும் இன்றி அங்கே குளிர்காலத்தைக் கழிக்க நேர, பலர் மாண்டனர். ஒரே தெய்வத்தை ஒரே நூல் வழியே வணங்கியவர்களை இனத்தின் பெயரால் அடைத்துவைத்த இச்செயலை எந்தப் போர்க்கால நெருக்கடியாலும் நியாயப்படுத்த முடியாது. எலியட் அவர்களுக்காகப் பரிந்து பேசியதுடன், பிடிபட்டோரை அடிமைகளாக விற்பதையும் எழுத்து மூலம் எதிர்த்தார்; ஆனால் அரசு செவிசாய்க்கவில்லை.

போரில் அழிந்த பிரதிகளுக்கு ஈடாக 1685-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபதிப்பு பற்றிய பேச்சு எழுந்தபோது, பூர்வகுடிகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதே மேல் என்று வாதிட்டவர்களுள் பாஸ்டன் போதகர் காட்டன் மேதரும் ஒருவர். 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணியை நிறைவேற்றிய சீகன்பால்குவுக்குக் கடிதம் எழுதி, இரு ‘இந்திய’ நாடுகளின் மறைப்பணியையும் இணைத்து 1721-இல் நூல் வெளியிட்டவரும் இதே மேதர்தான்.

எனினும் வேதம் வாசிக்கக் கற்ற மக்கள் அந்த எழுத்தைத் தங்கள் தேவைக்கும் பயன்படுத்தி, உயில்களையும் நிலப் பத்திரங்களையும் முறையீடுகளையும் சொந்த மொழியிலேயே எழுதிவைத்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பேசுவோரை இழந்துவிட்ட அம்மொழியை மீட்க, வாம்பனோக் இனத்தவரான ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் 1993-இல் தொடங்கிய முயற்சிக்கு எலியட் பெயரிலான வேதாகமத்துடன் இந்த ஆவணங்களும் மூலங்களாயின. மொழியியல் அறிஞர் கென்னத் ஹேலின் துணையுடன் அவர் இலக்கணத்தை மீட்டமைத்தார். நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அதைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த முதல் குழந்தை அவருடைய மகள்.